மெதுவாகச் சொன்னது

ஜனவரி 19

பொங்கல் முடிந்து கிளினிக் திறந்த முதல் நாள். நோம்பிக்குத் தின்றதெல்லாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல், கரும்பு கடித்து ஆடிப்போன பல். பல்லுக்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காங்கேயத்தில் யாரும் அதை நம்பியதில்லை. டாக்டர் சுகந்தி என்று வாசலில் போர்டு இருந்தால் தலைமுடி உதிர்வதிலிருந்து மாடு சினை பிடிக்காதது வரை உள்ளே வந்து கேட்கலாம் என்பது இந்த ஊர் வழக்கம்.

தேங்காய்க் களங்களில் வேலை மும்முரம். கொப்பரைக்குப் போடும் கந்தகப் புகை காற்றோடு டவுனுக்குள் வந்துவிடுகிறது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு இருமல்.

இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. செல்போனில் பேசிப் பேசி, எல்லாவற்றையும் உதட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். சின்ன வயசுக்காரர்கள் என்றில்லை, அறுபது வயசுக்காரர்களும் அப்படித்தான். சென்னியப்பன் ஐயா ஒருவர்தான் விதிவிலக்கு. எழுபத்தெட்டு வயது. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆனால் பேச்சு மணி அடித்தாற்போல இருக்கும்.

"மூச்சு இழுக்குதுங் டாக்டரம்மா. ஆனா சாகற மாதிரி இல்லீங்."

இப்படிச் சொன்னால் வைத்தியம் பார்ப்பவளுக்கு எவ்வளவு சௌகரியம்.

ஜனவரி 27

லில்லி லீவு. அக்கா மகள் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக என்னோடு இருக்கும் நர்ஸ். அவள் இல்லாத நாளில் எனக்குப் பஞ்சு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அடுத்து வர வேண்டியவர்களை நானே எழுந்து போய்க் கூப்பிட்டு, அறைக்குள் இருக்கும் பெஞ்சில் உட்காரவைத்து, பார்த்து, ஊசி போட்டு, மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

மயிலாத்தாள் வந்திருந்தாள். பெரிய களத்தில் தேங்காய் உடைக்கிறவள். அவளுடைய இரண்டு பிரசவமும் என் கையில்தான். அதட்டிப் பேசத் தெரியாத பெண். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிறவள் இன்று தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மாரில் கட்டியிருக்கிறதாம். களத்து வேலைக்காரிக்கு மார்ச்சளி கட்டாமல் வேறென்ன கட்டும். முதுகில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்தேன், மோசமாக ஒன்றும் இல்லை. மருந்து எழுதிக் கொடுத்து, ராத்திரி ஆவி பிடி, பயப்படாதே, கொஞ்ச நாளில் கரைந்துவிடும் என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள். "கரஞ்சிருங்களா?"

"கரஞ்சிரும்."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். சளிக்குப் போய் இத்தனை பயமா என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் இதுதான் மிச்சம். ஒரு வார்த்தை சொன்னால் ஒரு முகம் மலர்கிறது.

பிப்ரவரி 8

புது ஸ்டெதாஸ்கோப்பும் சரியில்லை. ஒரு வருஷத்தில் இது மூன்றாவது. முன்பெல்லாம் வந்த சரக்கே வேறு. விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

லில்லிக்கு ஒரு புதுப் பழக்கம். நோயாளி என்னிடம் பேசும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்கிறாள். ஒருத்தி "வவுத்துவலிங்" என்றால் இவள் "வயித்து வலியாம் டாக்டரம்மா, மூணு நாளா" என்கிறாள், ஏதோ இந்திக்காரர் வந்த மாதிரி. தமிழ் எனக்கும் தெரியும் என்று ஒரு நாள் சொன்னேன். சிரித்துவிட்டு மறுநாளும் அதையே செய்தாள்.

வீட்டில் இவர் முணுமுணுப்பு. ரிட்டயர் ஆன வேளாண்மை அதிகாரிக்கு முணுமுணுக்க நிறைய நேரம் இருக்கிறது. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு" என்கிறார். அதை மட்டும் நன்றாகச் சொல்கிறார்.

பிப்ரவரி 21

மதியம் கரண்ட் இல்லை. ஃபேன் நின்றதும் எல்லோருடைய பேச்சும் நன்றாகக் கேட்டது. அந்த ஃபேனை மாற்ற வேண்டும்.

மார்ச் 3

இன்று கூட்டம் குறைவு. பழைய நாட்களை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தொழில் தொடங்கிய புதிதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் வருவார். தலைவலி என்பார். பார்ப்பேன், மாத்திரை எழுதுவேன். வாங்கிக்கொண்டு எழுந்து போவார். கதவில் கை வைத்ததும் திரும்பிப் பார்த்து, "அப்பறம் இன்னொண்ணுங்" என்பார். அந்த இன்னொன்றுக்காகத்தான் அவர் வந்தே இருப்பார். நிற்காத ரத்தப்போக்கு, அடிக்கிற புருஷன், தூக்கம் வராத ராத்திரிகள், எல்லாமே கதவருகில்தான் வெளியே வரும். நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது ஊருக்குச் சொல்வது. கதவருகில் சொல்வதுதான் எனக்குச் சொல்வது. இது பிடிபட எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

இப்போது யாரும் கதவருகில் நின்று எதுவும் சொல்வதில்லை. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிற்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். ஜனங்கள் மாறிவிட்டார்கள். மனசில் இருப்பதைச் சொல்ல டாக்டர் தேவைப்படாத காலம் வந்துவிட்டது போல.

மார்ச் 22

மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அரை மணி நேரம் பேசினோம். வைத்தபிறகு இவர் கேட்டார், "என்ன சொன்னா?" நன்றாக இருக்கிறாளாம் என்றேன்.

"வேலைய விட்டுட்டாளாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டா. எனக்கு முன்னாடியே சொல்லிட்டா."

என்னிடம் சொல்லவில்லை. அப்பா செல்லம்.

ஏப்ரல் 11

மயிலாத்தாள் வந்தாள். லில்லி இருந்தாள்.

இடது மார்பில் கட்டி. நெல்லிக்காயைவிடப் பெரிது. அழுத்தினால் வலிக்கவில்லை. மேல் தோல் லேசாக உள்வாங்கியிருக்கிறது. அக்குளில் ஒரு நெறி கட்டியிருப்பது தட்டுப்படுகிறது.

கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

ஏப்ரல் 12

நேற்று முழுதாக எழுதவில்லை.

உள்ளே வந்ததும் அவள் ஏதோ சொன்னாள். வழக்கம்போல லில்லி திரும்பச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. "மாருல இருக்கற கட்டி இன்னும் கரையலைங்கிறாங்க டாக்டரம்மா. நீங்க கரஞ்சிரும்னு சொன்னீங்களாம். பெருசாத்தான் ஆகியிருக்காம்."

நான் மயிலாத்தாளைப் பார்த்தேன். அவள் குற்றம் செய்தவள் போல நின்றாள். "மருந்து ஒரு வேளை விடலீங். ஆவி புடிக்கச் சொன்னீங்க. அந்த எடத்துக்கும் காட்டினேனுங். செவந்துபோச்சே தவிர ஒண்ணும் ஆகலீங்."

இரண்டரை மாதம் அவள் மார்புக்கு ஆவி காட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் சளி என்றுதான் சொன்னாள். அப்படித்தான் எனக்கு நினைவு. பெஞ்சில் அடுத்த ஆள் உட்கார்ந்திருந்தார், அதனால் வெட்கப்பட்டுச் சுற்றிவளைத்துச் சொல்லியிருப்பாள். இவர்கள் நேராகச் சொன்னால் ஏன் இப்படி ஆகிறது? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்கக் கூடாது என்று.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கிளினிக் இல்லை. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ தீய்ந்துவிட்டது. அடுப்பில் சட்டி சீறுவது தெரியவில்லையா என்று இவர் கேட்டார்.

ஏப்ரல் 18

பயாப்சி முடிவு வந்துவிட்டது. புற்றுதான்.

மதியம் கடைசி ஆள் போனபின் லில்லியிடம் சொன்னேன், "அன்னைக்கு இவ சளின்னுதான் சொன்னா."

லில்லி ஊசிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே ஏதோ சொன்னாள்.

"என்ன?"

திரும்பி, என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். "சளின்னு சொல்லியிருக்க மாட்டா டாக்டரம்மா. எங்கிட்டச் சொன்ன மாதிரிதான் உங்ககிட்டயும் சொல்லியிருப்பா. எடது மாருல, உள்ளுக்குள்ள, உருளுதுன்னு. நா அன்னைக்கு லீவு போட்டிருக்கக் கூடாது."

"நீ லீவு போட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் என் காதைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டேன். "எப்பத்துல இருந்து?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். மொதத் தடவ உங்களுக்குக் கேக்கல. ரெண்டாவது தடவ கேட்டுச்சு. நீங்க ஃபேன மாத்தணும்னு சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "எனக்குக் காது மந்தமா?"

டிவியை நிறுத்தினார். "நான் எப்பவும் உன் இடப்பக்கமா வந்து உக்கார்றது எதுக்குன்னு நினைச்சே?"

நான் எதுவும் நினைத்ததே இல்லை.

ஏப்ரல் 19

லில்லியோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நோயாளி வந்தபோதும் பக்கத்தில் வந்து நின்றாள். நான் தடுக்கவில்லை.

மே 6

மயிலாத்தாளுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குள் நெறிகளில் ஒன்றுக்குப் பரவியிருக்கிறது. மாதக் கடைசியிலிருந்து மருந்து ஏற்றுவார்கள்.

சர்ஜனிடம் போனில் பேசினேன். லில்லி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். "இரண்டரை மாசம் முன்னாடி வந்திருந்தா, அந்த ஒரு நெறி தப்பியிருக்குமா?"

மரியாதையான மனிதர். "அது யாராலயும் சொல்ல முடியாது மேடம்" என்றார். தப்பியிருக்காது என்று அவர் சொல்லவில்லை.

மே 10

மயிலாத்தாளின் புருஷன் நல்லமுத்து வந்தான். சுமை தூக்குகிறவன். இதுவரை எனக்கு முன்னால் அதிகம் பேசியதே இல்லை. ஒரு தார் பூவன் பழத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"நீங்க கண்டுபுடிச்சதுனாலதானுங் உசுரு மிஞ்சுச்சு. பெரியாஸ்பத்திரி டாக்டரே சொல்லிப்போட்டாரு, அந்தம்மா நல்லாப் பாத்து அனுப்பியிருக்காங்கன்னு."

லில்லி என்னைப் பார்த்தாள். நான் பழத்தைப் பார்த்தேன். "எல்லாம் நல்லபடியா ஆகும், போயிட்டு வா" என்றேன்.

பழம் இன்னும் மேஜைமேல் இருக்கிறது. லில்லி எடுக்கவில்லை.

மே 13

கூட்டம் தாங்கவில்லை. களத்துப் பெண்களாக வருகிறார்கள். நல்லமுத்து போகிற இடத்திலெல்லாம் என்னைப் பற்றிப் பேசுகிறானாம். கைராசி என்று ஒருத்தி சொன்னாள். லில்லி அதைத் திரும்பச் சொல்லவில்லை. என் காதிலேயே விழுந்தது.

மே 15

இவர் கார் ஓட்ட, கோயம்புத்தூர். காது பரிசோதனை.

சின்னக் கண்ணாடி அறை. தலையில் ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டுமாம். உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் குனிந்து எதையோ குறித்துக்கொண்டே இருந்தாள். ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வெளியே வந்தபின், நான் டாக்டர் என்பதால் வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். தடித்த சத்தங்கள் கேட்கும். மெல்லியவை போய்விட்டன. "'கட்டி', 'சட்டி', 'தட்டி' மூணும் உங்களுக்கு ஒண்ணாத்தான் கேக்கும் மேடம். இடத்துக்குத் தகுந்த மாதிரி நீங்களே ஒரு எழுத்தப் போட்டுக்குவீங்க."

அதுதான் நடந்திருக்கிறது. இரண்டு சொல் காதில் விழும். மீதியை நான் போட்டுக்கொள்வேன். முப்பது வருஷ அனுபவம் இருக்கிறது, எந்த ஊர்க்காரருக்கு எந்த வியாதி வரும் என்று தெரியும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். மயிலாத்தாள் சொன்னதில் என் காதில் விழுந்தது "மாருல", "கட்டி", "இருக்குதுங்". சளியை நான்தான் போட்டேன்.

திரும்பி வரும் வழியில் பல்லடம் தாண்டியதும் இவர் என் கையைத் தட்டி, வாயை என் பக்கம் திருப்பிக் கேட்டார், "காபி குடிக்கலாமா?" எத்தனை வருஷமாக இப்படித் தட்டிவிட்டுப் பேசுகிறார் என்று யோசித்தேன்.

மே 29

இரண்டு காதிலும் மிஷின். உலகம் முழுக்கக் காகிதம் கசக்குகிற சத்தம். என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருக்கிறது. அதோடு காதுமேல் மாட்டிக் கேட்கும் மின்சார ஸ்டெதாஸ்கோப் ஒன்று. சென்னியப்பன் ஐயா நெஞ்சில் வைத்தால் கரகரவென்று இழுப்புக் கேட்கிறது. இத்தனை நாள் அவருக்கு எதைக் கேட்டு மருந்து கொடுத்தேன்? அவர் வாயைத் திறந்ததும் மிஷினைக் குறைக்க வேண்டியிருந்தது. பாவம், மனிதர் கத்துகிறார்.

இவர் சமையலறையில் நின்று, எனக்கு முதுகைக் காட்டியபடி, "இனிமே நான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். கேட்டது. கேட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் இருவரும் சிரித்தோம்.

மயிலாத்தாளைப் பார்க்கப் போக வேண்டும். நாளை முடியாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

ஜூன் 1

ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. முதல் மருந்து ஏற்றி வந்த களைப்பில் இருப்பாள்.

ஜூன் 9

லில்லி இன்று காலையில் கேட்டாள், "நானும் கூட வரட்டுமா?" எங்கே என்று நான் கேட்கவில்லை. நானே போகிறேன் என்றேன்.

களத்துக்குப் பின்னால் அவர்கள் வீடு. நல்லமுத்து வெளியே நாற்காலி போட்டு, இளநீர் சீவ உட்கார்ந்தான். மயிலாத்தாள் உள்ளேயிருந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "மயிலாத்தா, நீ தை மாசம் எங்கிட்ட வந்தப்பவே கட்டின்னுதான் சொன்னே. எனக்குக் காது கேக்கலை. சளின்னு நினைச்சு மருந்து குடுத்துட்டேன். கரஞ்சிரும்னு நான் சொன்னது சளியை. உனக்கு அன்னைக்கே பாத்து அனுப்பியிருக்கணும். என் தப்பு" என்றேன்.

நல்லமுத்து அரிவாளை இளநீர்மேல் வைத்தபடி அப்படியே இருந்தான். பிறகு எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மயிலாத்தாள்தான் பேசினாள். "பரவால்லீங். நானுந்தான் சித்தெ சத்தமாச் சொல்லியிருக்கோணும். பெஞ்சுல அந்த ஆளு இருந்தாரு. அதுல கூச்சமாப் போச்சுங்."

"உன் மேல ஒரு தப்பும் இல்லை."

"நீங்க என்ன வேணும்னா பண்ணினீங்க. விடுங். வந்தது வந்துபோச்சு." அவன் விட்டுப்போன இளநீரை எடுத்து, அவளே வலது கையால் சீவ முயன்றாள். நான் வாங்கிச் சீவினேன். எனக்குச் சரியாக வரவில்லை. பாதி கொட்டியது. மீதியை அவள் குடிங் குடிங் என்றதால் குடித்தேன்.

சொல்லிவிட்டேன், அவள் மன்னித்துவிட்டாள் என்று இங்கே எழுதலாம். ஆனால் திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாகவில்லை. அவ்வளவு சீக்கிரம் அவள் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 17

இப்போது நல்லமுத்து வேறு மாதிரி பேசுகிறானாம். பேசட்டும். பேச உரிமை உள்ளவன். கைராசிக்காரி என்று வந்த பெண்கள் யாரும் வரவில்லை. பழைய ஆட்களிலும் சிலரைக் காணோம்.

சென்னியப்பன் ஐயா வந்தார். "உங்களுக்குக் காது கேக்காதுன்னு ஊரே பேசுதுங். எனக்கே கேட்டுதுன்னா பாத்துக்குங், எவ்வளவு சத்தமாப் பேசறாங்கன்னு."

லில்லி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஜூன் 25

மூடிவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். அறுபத்திரண்டு வயது. போதும். மகளும் இங்கே வரப்போகிறாள், வீட்டில் இருக்கலாம்.

"மூடறதுன்னா மூடு. ஆனா வெக்கப்பட்டு மூடாத" என்றார்.

லில்லியிடமும் கேட்டேன். மாலை கதவைப் பூட்டும்போது சொன்னாள், "எனக்கு உங்க மேல வருத்தம் இருக்கு டாக்டரம்மா. என் மேலயும் இருக்கு. நா இன்னும் ஒரு தடவ சொல்லியிருக்கணும். ஆனா நாளைக்கு எட்டரைக்கு வந்துருவேன்."

ஜூன் 28

பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டாயிற்று. இனி அடுத்த ஆள் வெளியேதான் இருப்பார். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். எனக்கும் வருகிறவர்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்காருகிறோம். முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். ஒரு மாமியார் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் என் நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: டாக்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். முகத்தைப் பார்த்துச் சொல்லவும். கேட்டதா என்று கேட்கவும்.

எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியது லில்லி.

ஆகஸ்ட் 12

அவர்கள் சொன்னதை நான் திரும்பச் சொல்கிறேன். "வயித்துல எரிச்சல், சாப்பிட்டதும், ஒரு வாரமா. சரிதானா?" பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள். மீதிப் பாதி, "இல்லீங், அது வந்துங்" என்று ஆரம்பிக்கிறார்கள். காது நன்றாக இருந்த காலத்திலும் நான் எத்தனை பேரைச் சரியாகக் கேட்டேன் என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு முன்பு பார்த்ததில் பாதிப் பேரைத்தான் பார்க்க முடிகிறது.

செப்டம்பர் 20

மயிலாத்தாளைப் பற்றி லில்லி விசாரித்து வந்தாள். ஐந்தாவது மருந்து முடிந்துவிட்டதாம். வாய்ப்புண்ணாம். பக்கத்து ஊர் டாக்டரிடம் காட்டினார்களாம். நல்லதுதான்.

நவம்பர் 6

காலையிலிருந்து தூறல். அதிகம் பேர் இல்லை. பதினோரு மணிக்கு மயிலாத்தாள் வந்தாள், தனியாக. துண்டு இல்லை. தலையில் புதுமயிர் விரலளவுகூட இல்லை. அவளைப் பார்த்ததும் லில்லி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மருந்தெல்லாம் முடிந்துவிட்டது. கால்விரல் மரத்துப்போகிறது, நகம் கறுத்துவிட்டது, இடது கை கனமாக இருக்கிறது என்றாள். ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னேன். சரி என்றாள். கைக்கு என்ன பயிற்சி செய்வது என்று காட்டிக் கொடுத்தேன்.

பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த மஞ்சள்பையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் எப்போதும் சின்னக் குரல். இன்று இன்னும் சின்னதாக இருந்தது. நான் நகர்ந்து அருகில் உட்கார்ந்தேன்.

"எனக்கு உங்க மேல கோவமுங்."

கேட்டது. திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

"அன்னைக்கு நீங்க ஊட்டுக்கு வந்து சொன்னப்ப, இத்தாப் பெரியவங்க வந்து தலை குனிஞ்சு நிக்கறாங்களேன்னு பரவால்லீங்னு சொல்லிப்போட்டேன். அது மனசுல இருந்து வரலீங். மருந்து ஏத்திட்டு வந்து கெடக்கறப்பல்லாம் உங்களத்தான் நெனச்சுக்குவேன். கரஞ்சிரும்னு சொன்னாங்களே, சொன்னாங்களேன்னு. திட்டிக்கூட இருக்கறேனுங். ஊட்டுக்காரருக்குத் தெரியாது. அவரு வெளிய திட்டறாரு, நான் உள்ளுக்குள்ள."

"திட்ட வேண்டியதுதான்" என்றேன்.

"இன்னும் இருக்குதுங் அந்தக் கோவம். போகுமான்னு தெரியலீங்."

போய்விடும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் தெரியாது என்றேன்.

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். வெளியே யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது.

"அடுத்த மாசம் கோயமுத்தூர் வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள வலப்பக்கம் ஒருக்காப் பாத்துருங். ராத்திரில கை அங்கயே போவுது. ஒண்ணு இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது. தூக்கமில்லீங்."

திரையை இழுத்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். இடது பக்கம் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. அதை முதலில் பார்த்தேன், கழுத்து, அக்குள், பிறகு வலது மார்பு. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தட்டுப்படவில்லை. ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

முந்தானையை இழுத்துப் போர்த்தப் போனவள் நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்தீங்களாங்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மழைக்கு என் கை சில்லிட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கழுத்திலிருந்து மறுபடி பார்த்தேன்.